ஜிப்ஸிக்கு மூக்கு ஒழுகுதா?

நாலு பேர் சேர்ந்து காசு போட்டு செகண்ட் ஹேண்ட் ஜிப்ஸி வாங்குறது ஹாஸ்டல் ரூம்களின் நிரந்தரக் கனவு. 1985-ல் வந்த வண்டி. 2019-ல் ஷோரூம் விற்பனை நின்னு போச்சு. ஆக, இன்னிக்குக் கைக்கு வர்றது எல்லாமே பழசுதான். பெயின்ட், மட் டயர், மியூசிக் சிஸ்டம்னு மேலே பார்த்து மயங்காதீங்க பாஸ். குனிஞ்சு, முன் சக்கரங்களுக்கு நடுவே பாருங்க. ஆக்சில்ல பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்பு உருண்டை இருக்கும். அதான் ஃப்ரன்ட் டிஃபரன்ஷியல். அதுல எண்ணெய் வழிஞ்சு புழுதி அப்பியிருந்தா, அட்வான்ஸ் கொடுக்கிற கையைக் கொஞ்சம் நிறுத்துங்க.

கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. ஒவ்வொரு வளைவுலயும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் சுத்தணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா சுத்தணும். அதுக்கு இடம் கொடுக்கிறதுதான் டிஃபரன்ஷியல். உள்ளே இருக்கிற பல்சக்கரங்கள் கெட்டியான கியர் ஆயில்ல குளிச்சுக்கிட்டே ஓடும்.

“நாமதான் 4x4 போடவே மாட்டோமே மச்சி, ஒழுகினா என்ன?” இந்த டயலாக் எல்லா கேங்லயும் உண்டு. தப்பு! முன் சக்கரத்துல ஃப்ரீ வீலிங் ஹப் இல்லேன்னாலோ, அது லாக்ல இருந்தாலோ, சாதாரண ஓட்டத்துலயும் அந்தப் பல்சக்கரம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். ஆயில் வத்தினா சூடு, அப்புறம் ஊளைச் சத்தம், கடைசியில இறுக்கம். மலை வளைவுல முன் சக்கரம் இறுகினா ஸ்டீயரிங் உங்க பேச்சைக் கேட்காது.

சரி, ஒழுகுது. என்ன பண்ணலாம்?

முதல்ல ஆளைக் கண்டுபிடிங்க. ஜிப்ஸியில இன்ஜின் ஆக்சிலுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கு. அதுல இருந்து வழியுற இன்ஜின் ஆயிலுக்கு, பாவம், டிஃபரன்ஷியல் பழி சுமக்கும். நல்லா துடைச்சுட்டு ஒரு ரவுண்ட் ஓட்டுங்க. ராத்திரி அடியில அட்டை விரிச்சு வைங்க. காலையில கந்தக நாத்தம் அடிச்சா அது கியர் ஆயில்.

அடுத்து, பிரீதர். ஆக்சில் சூடாகும்போது உள்ளே இருக்கிற காத்து வெளியேற ஒரு குட்டித் துவாரம். அது சேறுல அடைச்சா, அழுத்தம் சீல் வழியா ஆயிலைத் தள்ளிடும். சீலை மாத்தியும் ஒழுகுதுன்னு புலம்புறவங்கள்ல பல பேர் இதைப் பார்த்திருக்கவே மாட்டாங்க. சுத்தம் பண்ண செலவு? பழைய பனியன் துணி ஒண்ணு!

ப்ரொபெல்லர் ஷாஃப்ட் சேருற இடத்துல ஈரமா? அது பினியன் சீல். ஷாஃப்டை ஆட்டிப் பாருங்க. பினியன் ஆடுதுன்னா பேரிங் காலி. சீல் மட்டும் மாத்தினா சில மாசத்துல திரும்ப ஒழுகும். அந்த நட்டை இஷ்டத்துக்கு முறுக்கினாலும் பேரிங் போயிடும். அதனால விஷயம் தெரிஞ்ச மெக்கானிக்தான் கை வைக்கணும்.

சக்கரத்துக்குப் பக்கத்துல, ஸ்டீயரிங் திரும்புற உருண்டையில கிரீஸும் ஆயிலும் கலந்து வழியுதா? உள்ளே ஆக்சில் சீல் போச்சு. இது பிரேக் வரைக்கும் பரவலாம். தள்ளிப் போடவே கூடாது.

சும்மா ஈரம் மட்டும்தான், சொட்டலைன்னா பயப்பட வேண்டாம். சமதளத்துல நிறுத்தி, மேல் பிளக்கைத் திறந்து, துவாரத்தின் விளிம்பு வரை ஆயில் நிக்குதான்னு மாசம் ஒரு தடவை பாருங்க. பழசை வடிக்கிறதா இருந்தாலும் மேல் பிளக்கைத்தான் முதல்ல கழட்டணும். கீழே வடிச்சுட்டு மேலே துருப்பிடிச்சு திறக்கலைன்னா, வண்டி அங்கேயே சாமியாராகிடும். டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்-5 ரக ஆயில். அதையே கியர் பாக்ஸுக்கும் ஊத்திடாதீங்க, அதுக்கு என்ன ரகம்னு மேனுவல்ல பாருங்க. வடிச்ச ஆயிலைச் சாக்கடையில கொட்டவும் வேணாம்.

வடியுற ஆயில் பால் காபி கலர்ல இருந்தா உள்ளே தண்ணி புகுந்திருக்கு. கூடவே இரும்புத் துண்டு வந்தா பல்லே உடைஞ்சிருக்கு. ஓனர் எவ்வளவு குறைச்சாலும் சிரிச்சுக்கிட்டே டாட்டா சொல்லிடுங்க. வெறும் சீல் கசிவு மட்டும்னா, அதைக் காட்டியே பேரம் பேசுங்க.

நாலு பேர் காசு மட்டுமில்ல கண்ணுங்களா, அந்த வண்டியில மலை ஏறப் போறதும் நாலு பேர்தான்!