மூவருக்கும் நான்கு வெற்றி. கோப்பை ஏன் பிரான்ஸுக்கு?

இங்கிலாந்து பிரான்ஸை நேருக்கு நேர் வென்றது. இரண்டு அணிகளுமே ஐந்து ஆட்டங்களில் நான்கை வென்றன. அப்படியிருக்க, 2025ஆம் ஆண்டின் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பிக் கோப்பை பிரான்ஸுக்குப் போனது எப்படி? இந்தப் போட்டியைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், போனஸ் புள்ளிக் கணக்குதான் இங்கிலாந்தின் கையிலிருந்த பட்டத்தைப் பறித்தது என்று முடிவு கட்டுவது சரியல்ல. கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்த்தால் அது விளங்கும்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஆறு அணிகளும் ஒன்றோடொன்று ஒரே ஒரு முறை மோதும். அரையிறுதி, இறுதி ஆட்டம் எதுவும் கிடையாது. பட்டியலில் முதலில் நிற்கும் அணிதான் சாம்பியன். 2025இல் டப்ளினில் அயர்லாந்து 27-22 என்று இங்கிலாந்தை வென்றது. லண்டனில் இங்கிலாந்து 26-25 என்று பிரான்ஸை வென்றது. அதே டப்ளினில் பிரான்ஸ் 42-27 என்று அயர்லாந்தை வென்றது. எஞ்சிய மூன்று அணிகளிடம் இவர்களில் யாரும் தோற்கவில்லை. ஆக மூவருக்கும் நான்கு வெற்றி, ஒரு தோல்வி. "பிரான்ஸை நாங்கள் வென்றோம்" என்று இங்கிலாந்து சொன்னால், "உங்களை நாங்கள் வென்றோம்" என்று அயர்லாந்து சொல்லும். அயர்லாந்துக்கு அதே பதிலை பிரான்ஸ் சொல்லும். நேருக்கு நேர் முடிவை வைத்து இந்தச் சிக்கலை அவிழ்க்க வழியே இல்லை.

இனி பட்டியல் கணக்கு. வெற்றிக்கு 4 புள்ளி, சமனுக்கு 2. பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் ஊன்றுவதற்கு ட்ரை என்று பெயர். ஓர் ஆட்டத்தில் நான்கு ட்ரை எடுத்தால், வென்றாலும் தோற்றாலும், கூடுதலாக ஒரு புள்ளி. ஏழு அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு. 2017இல் வந்த விதி இது. இதன்படி பிரான்ஸ் 21, இங்கிலாந்து 20, அயர்லாந்து 19 என்று முடித்தன. லண்டனில் ஒரே புள்ளியில் தோற்றதால் பிரான்ஸுக்கு ஒன்று கிடைத்தது. அதன் நான்கு வெற்றிகளுமே நான்கு ட்ரைக்குக் குறையாத வெற்றிகள்.

இங்கிலாந்து எங்கே கோட்டைவிட்டது? டப்ளினில் தோற்றபோதும் ஒரு போனஸ் எடுத்தது. பிரான்ஸ், இத்தாலி, வேல்ஸ் ஆகியவற்றுக்கு எதிராக முழு ஐந்து புள்ளி. குறைந்தது ஸ்காட்லாந்துடனான ஆட்டத்தில் மட்டுமே. கல்கத்தா கோப்பைக்கான ஆட்டம் அது. (1878இல் கல்கத்தா ஃபுட்பால் கிளப் கலைந்தபோது அதன் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை; நம் நாட்டு வெள்ளிக்காக இன்றும் அந்த இரு நாடுகளும் மோதிக்கொண்டிருக்கின்றன.) இங்கிலாந்து 16-15 என்று வென்றது. ஆனால் ட்ரை எடுத்ததில் ஸ்காட்லாந்து மூன்று, இங்கிலாந்து ஒன்றுதான். ட்ரைக்குப் பிறகான உதையை ஸ்காட்லாந்தின் ஃபின் ரஸ்ஸல் மூன்று முறையும் தவறவிட்டார்; கடைசி உதை ஆட்டத்தின் முடிவு வேளையில், மைதானத்தின் ஓரத்திலிருந்து. அது கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் ஸ்காட்லாந்து முந்தியிருக்கும்; இங்கிலாந்துக்குக் கோப்பைப் பேச்சே இருந்திருக்காது.

இப்போது போனஸ் விதியையே எடுத்துவிடுவோம். 2016 வரை வெற்றிக்கு 2 புள்ளி மட்டும். அந்தக் கணக்கில் மூவரும் 8 புள்ளியில் நிற்பார்கள். அப்போது எடுத்த ஸ்கோருக்கும் கொடுத்த ஸ்கோருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும், ஐ.பி.எல். பார்க்கிறவர்களுக்கு நெட் ரன் ரேட் எப்படியோ அப்படி. பிரான்ஸுக்கு 125, இங்கிலாந்துக்கு 74, அயர்லாந்துக்கு 18. வரிசை அப்படியேதான் இருக்கிறது. போனஸ் புள்ளி யாருடைய இடத்தையும் மாற்றவில்லை.

எளியவர்களை அடித்து நொறுக்கியதற்கான பரிசுதானே இது என்று ஒரு மறுப்பு வரலாம். பிரான்ஸ் வேல்ஸை 43-0 என்றும், ரோமில் இத்தாலியை 73-24 என்றும் வென்றது உண்மை. ஆனால் கடைசி நாளில் இங்கிலாந்தும் கார்டிஃபில் வேல்ஸை 68-14 என்று வென்றது. நான்கு ட்ரை எடுத்தாலும் பதினொன்று எடுத்தாலும் கிடைப்பது அதே ஒரு போனஸ் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஸ்கோர் வித்தியாசத்துக்கு அப்படி வரம்பு இல்லை. அந்த வகையில் போனஸ் முறையே பழைய முறையைவிட நியாயமானது.

ஸ்கோர் வித்தியாச முறைக்கும் முன்னால் சமநிலையை உடைக்கும் ஏற்பாடே கிடையாது. 1973இல், இத்தாலி சேராத ஐந்து அணிக் காலத்தில், ஐவரும் சொந்த மண்ணில் இரண்டு வென்று வெளியில் இரண்டு தோற்றார்கள். பட்டத்தை ஐவரும் பகிர்ந்துகொண்டார்கள். 1990களில்தான் ஸ்கோர் வித்தியாசம் பட்டத்தைத் தீர்மானிக்கத் தொடங்கியது.

போனஸ் விதியை வகுத்தவர்கள் இன்னொரு ஆபத்தையும் யோசித்திருக்கிறார்கள். ஐந்தையும் வெல்லும் அணி போனஸ் இல்லாமல் 20 புள்ளியோடு நிற்கலாம். நான்கை மட்டும் வென்ற அணி எல்லா போனஸையும் அள்ளி 22 எடுக்கலாம். எல்லோரையும் வென்றவன் இரண்டாமிடத்தில் நிற்பது அநீதி. அதனால்தான் ஐந்தையும் வெல்லும் கிராண்ட் ஸ்லாமுக்குத் தனியாக 3 புள்ளி உண்டு.

இந்தப் போட்டியில் உண்மையான ஏற்றத்தாழ்வு வேறிடத்தில் இருக்கிறது. ஐந்து ஆட்டம் என்பதால் ஓர் ஆண்டு ஓர் அணிக்கு மூன்று ஆட்டம் சொந்த மண்ணில், மறு ஆண்டு இரண்டு. 2025இல் அந்த மூன்று இங்கிலாந்துக்குக் கிடைத்தது. பிரான்ஸ் லண்டன், ரோம், டப்ளின் என்று மூன்று வெளியூர் ஆட்டங்கள் ஆடியது. டப்ளினில் முதல் பாதியிலேயே முழங்காலில் அடிபட்டுத் தலைவர் அந்த்வான் துபோன் வெளியேறினார். அங்கும் வென்று, கடைசி இரவில் பாரிஸில் ஸ்காட்லாந்தை 35-16 என்று வென்றது. ஒரு சீசனில் எட்டு ட்ரை என்ற சாதனையை பிரான்ஸின் லூயி பியெல்-பியாரே அந்த இரவில் எட்டினார். போனஸ், ஸ்கோர் வித்தியாசம் என எந்த விதியில் கணக்குப் போட்டாலும் 2025இன் சாம்பியன் பிரான்ஸ்தான்.