முதியோர் இல்லத்து ஊசி எங்கே போகணும்?

திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் உள்ள கஸ்தூரிபா மருத்துவமனைக்கு விதி தெளிவு. 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள்படி, ரத்தம் படிந்த பஞ்சு மஞ்சள் பையில், சிறுநீர்க் குழாய் சிவப்புப் பையில், ஊசி துளைபடாத வெள்ளை டப்பாவில்.

முதியோர் இல்லம் வீடா, மருத்துவமனையா? பெயர்ப்பலகை முக்கியமில்லை. மருத்துவக் கழிவு உண்டாக்கும் எல்லோரையும் விதி கட்டுப்படுத்தும். பள்ளி முதலுதவி அறைகூட அதில் வருது.

இன்சுலின் ஊசியைச் சாதாரணக் குப்பையில் போட்டால், அது குத்துவது ஊராட்சித் தூய்மைக் காவலரின் கையை. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரவ அந்த ஒரு குத்து போதும். டயப்பரையும் நன்றாகச் சுற்றித் தனியாகத்தான் தரணும். மாற்றியவர் கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால், வயிற்றுப்போக்கும் கூடவே போகும்.

பெரிய செலவில்லை: கெட்டி டப்பா, தனிப் பைகள், சோப்பு. ஆனால் பிரிப்பது கட்டிலருகிலேயே நடக்கணும். குப்பை வண்டியில் ஏறிய பிறகு பிரிப்பவர் கைக்குத்தான் ஆபத்து.