தோண்டும் முன் ஒரு பிரதி கொடுங்கள்

மாண்புமிகு ஒன்றியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சர், பெட்ரோலியத் துறை அமைச்சர், தமிழ்நாட்டின் தொல்லியல் துறை அமைச்சர் ஆகியோருக்கு,



1931-ல் வட கடலில் 'கொலிண்டா' என்ற இழுவைப் படகின் மடியில் மீனோடு ஒரு கரிய மண்கட்டியும் ஏறி வந்தது. அந்தக் கடலில் இது அன்றாடத் தொல்லை. மீனவர்கள் வைதுகொண்டே திரும்பக் கடலில் தள்ளிவிடுவார்கள். அன்று கட்டியை உடைத்த மண்வெட்டி எதிலோ ணங்கென்று பட்டது. உள்ளே இருந்தது ஒரு சாண் நீள மான்கொம்பு ஈட்டிமுனை; ஒரு பக்கம் பல் பல்லாகச் செதுக்கியது. மண்ணும் கடற்சேறு அல்ல, நன்னீர்ச் சதுப்பில் செடிகொடி மக்கி உண்டான கரிமண். ஈட்டிமுனையின் வயது 13,000 ஆண்டுக்கும் மேல் என்று பின்னாளில் தெரிந்தது. இன்று கப்பல் ஓடும் இடத்தில் அன்று வேட்டைக்காரர்கள் நடமாடியிருக்கிறார்கள்.

மூழ்கிய அந்த நிலத்தைத் தொல்லியலாளர் பிரையோனி கோல்ஸ் 'டாகர்லாந்து' என்று அழைத்தார். 1998-ல் அவர் எழுதிய கட்டுரையில் அதன் வரைபடம் பெரும்பாலும் ஊகம்தான். ஊகத்தை மாற்றியது எண்ணெய்க் கம்பெனிகளின் தரவு. எண்ணெய் தேடும் கப்பல் காற்றுத் துப்பாக்கியை இழுத்துக்கொண்டு போகும். அது எழுப்பும் ஒலி கடலடி மண் அடுக்குகளில் பட்டு எதிரொலிக்கும். நீண்ட கேபிள்களில் கட்டிய ஒலிவாங்கிகள் அதைப் பதியும். எண்ணெய்க்காரர் பார்ப்பது கிலோமீட்டர் கணக்கான ஆழத்தை. மேலே உள்ள சில பத்து மீட்டர் வண்டல் அவர்களுக்கு வாழைப்பழத் தோல் மாதிரி.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் வின்ஸ் கேஃப்னி குழுவினர் கேட்டது அந்தத் தோலைத்தான். பெட்ரோலியம் ஜியோ-சர்வீசஸ் நிறுவனம் கொடுத்தது. பழைய ஆற்றுப் படுகையில் நிரம்பிய மணலும் அதன் கரைக் களிமண்ணும் ஒலியை ஒரே மாதிரி திருப்புவதில்லை. தரவைக் கிடைமட்டமாகச் சீவிப் பார்த்தபோது திரையில் ஆறு வளைந்து வளைந்து ஓடியது. சுமார் 23,000 சதுர கிலோமீட்டர், அதாவது கேரளத்தில் பாதிக்கும் மேலான பரப்பில், ஆறுகள், ஏரிகள், பழைய கடற்கரைகள் எல்லாம் துலங்கின. இந்தப் பணிக்கான நிதி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜல்லி, மணல் எடுப்போர் மீது பிரிட்டன் அரசு போட்ட வரியிலிருந்து.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லக் காரணம் மன்னார் வளைகுடா.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டரளவு கீழே இருந்தது. மன்னார் வளைகுடாவை ஒட்டிய பாக் விரிகுடாவின் பெரும்பகுதிக்கு இன்றைய ஆழமே பத்துப் பதினைந்து மீட்டர்தான். அப்போது ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்குப் படகு தேவைப்பட்டிருக்காது. இந்தக் கரையில், திருநெல்வேலி, தூத்துக்குடித் தேரிகளின் செம்மணலில் நுண்கற்கருவிகள் கிடைப்பதை 1956-ல் ஆய்வாளர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் எழுதினார்கள். அந்தக் கரையில், இலங்கையின் ஃபாஹியன் குகையில் 40,000 ஆண்டுக்கு மேற்பட்ட நுண்கருவிகள் கிடைத்திருக்கின்றன. நடுவே இருந்த நிலம் கடலுக்கடியில் கிடக்கிறது.

இதைப் படித்ததும் குமரிக்கண்டத்துக்குச் சான்று கிடைக்கும் என்று யாரேனும் மேடை போடுவார்கள். தயவுசெய்து அந்த மேடையில் ஏறாதீர்கள். நான் கேட்பது கண்டத்தை அல்ல. ஒரு பழைய ஆற்றின் தடம், ஒரு பிடி கரிமண், அதில் சிக்கிய மகரந்தம், அவ்வளவுதான்.

அதற்கு ஒரு வழி காற்றாலைத் திட்டத்தில் இருக்கிறது. தமிழகக் கடலில் காற்றாலைக்கான முதல் டெண்டர் 2024-ல் விடப்பட்டது. டெண்டர்கள் வரும், தள்ளிப்போகும், ரத்தாகும். காற்றாலை வேண்டுமா என்பதே மீனவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய தனி விஷயம். ஆனால் ஒரு தூண் நட வேண்டுமென்றாலும் அதற்கு முன் கடலடியை நுணுக்கமாக ஒலியால் அளந்து, துளையிட்டு மண் மாதிரி எடுத்தாக வேண்டும். ஆழம் குறைந்த நம் கடலில் எண்ணெய்த் தரவைவிட இதுவே தொல்லியலுக்கு அதிகம் உதவும். செலவு எப்படியும் ஆகிவிடுகிறது. தூண் இறங்கிய இடத்திலோ படுகை கலைந்துபோகும், மறுபடி அளந்து பயனில்லை.

எனவே, 2023-ல் வந்த கடல் காற்றாலைக் குத்தகை விதிகளில் ஒரு ஷரத்து சேருங்கள்: மேல் வண்டலின் ஒலிப்பதிவும் துளை மாதிரியின் ஒரு பங்கும் வேலை தொடங்கும் முன்பே தொல்லியலாளர் கைக்கு வர வேண்டும். எண்ணெய்த் துறையின் தேசியத் தரவுக் களஞ்சியத்தில் உள்ள பழைய பதிவுகளின் மேலடுக்கை மட்டுமாவது பல்கலைக்கழகங்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுங்கள். கம்பெனிகளின் ரகசியம் கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. மாநில அரசு, இந்த ஒலிப்பதிவுகளைப் படிக்கத் தெரிந்த நாலு இளைஞர்களைத் தொல்லியல் துறையில் வேலைக்கு எடுக்கட்டும்.

அடுத்த ஆய்வுக் கப்பல் புறப்படுவதற்குள் இதைச் செய்யுங்கள்.