'போதும்பொண்ணு'க்கு ரத்தம் எப்படி ஊறும்?

போன மாதம் பதினைந்து வயசுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா அழைத்து வந்தார். சீட்டு எழுதுவதற்காக, "உன் பேர் என்னம்மா?" என்றேன். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாதான் பதில் சொன்னார்: "போதும்பொண்ணுங்க. இவ நாலாவது. பேர் வெச்ச ராசி, அடுத்தது பையன்!"

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.5. இந்த வயசில் 12-க்குக் குறையக் கூடாது. "முட்டை சாப்பிடுவியா?" என்றேன். "அது தம்பிக்கு" என்றாள், சர்வசாதாரணமாக.

பேருக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பேர் வைக்கும்போதே 'நீ கணக்கில் இல்லை' என்று சொல்லிவிட்டோம். அப்புறம் தட்டில் மட்டும் எப்படிக் கணக்கு வரும்? இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. மகாராஷ்டிராவில் 'நகுஷா' என்று வைப்பார்கள். வேண்டாதவள் என்று அர்த்தம். 2011-ல் சதாரா மாவட்டத்தில் விழா எடுத்து, அப்படிப்பட்ட 285 பெண்களுக்குப் புதுப் பெயர் கொடுத்தார்கள்.

"எங்க பொண்ணுக்கு அழகான பேர்தான் வெச்சிருக்கோம் டாக்டர்" என்பீர்கள். சந்தோஷம். ஆனால், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 19 வயசுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அத்தனை பேருமா போதும்பொண்ணு?

பேர் விடுகிற இடத்தில் சினிமா பிடித்துக்கொள்கிறது. பாவாடை கட்டிய குழந்தை ஓடுவாள், ஒரு சுற்று சுற்றுவாள், நிற்கும்போது கதாநாயகி! நடுவில் இருந்த ஏழெட்டு வருஷம் எங்கே போச்சு? ஸ்ரீதேவி 1969-ல் 'துணைவன்' படத்தில் குழந்தை முருகன். 1976-ல் 'மூன்று முடிச்சு' படத்தில் ரஜினிகாந்துக்குச் சித்தி. அப்போது அவருக்கு வயது 13! நாமும் ரசித்துப் பார்த்துவிட்டு வந்தோம். பெண் பெரியவளானால் திரையில் பாட்டு உண்டு, சீர்த்தட்டு உண்டு. வயிற்றுவலி மட்டும் கிடையாது.

பழைய தமிழ் இவ்வளவு அவசரப்படவில்லை. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல். கைவீசி விளையாட்டு, தண்ணீரில் ஆட்டம், ஊஞ்சல். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் இதைச் செய்யுளாகத்தான் பார்த்தேன். வளர்கிற பெண்ணுக்கு இதைவிட நல்ல உடற்பயிற்சி எது என்று இப்போது தோன்றுகிறது.

என் மேலும் தப்பு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், மாதவிலக்கு வலியோடு வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். நாடி பிடித்த நானே அவளை மணப்பெண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன்! வலி தாங்காமல் அவள் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாளோ...

தாய்மார்களே, பெரியவளானதும் பத்து நாள் உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறீர்களே, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டு, அதை அதோடு நிறுத்துவானேன்? வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை கொடுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காய். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அன்னபேதிச் செந்தூரத்தை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பேரை மாற்றி அரசிதழில் வெளியிட வழி இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "வீட்டுக்காரரைக் கேட்கணும்" என்றார். பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த தடவை சீட்டுல என்ன பேர் எழுதட்டும்?" என்று கேட்டேன். நேற்று மறுபடி வந்தாள். பேர் இன்னும் முடிவாகவில்லையாம். முட்டை மட்டும் இப்போது வீட்டில் இரண்டு வேகிறதாம்.