காட்டை அறியாதவர் காட்டைக் காப்பதில்லை

அண்மையில் மீள்குடியேறிய கிராமமொன்றுக்குச் சென்றிருந்தேன். ஒரு வீட்டிற் குழந்தைக்கு இருமல். பட்டணத்துக்குப் போய் வாங்கி வந்த பாணியைத் தாய் கரண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரது வேலியிலோ ஆடாதோடை செழித்து நின்றது. அதைக் காட்டினேன். “ஆடு மாடு கடியாது எண்டுதான் வேலிக்கு வச்சது, சுவாமி. மருந்தோ?” என்று என்னையே கேட்டார். திண்ணையில் இருந்த அம்மம்மா குறுக்கிட்டார்: “முகாமில எங்க சுவாமி பிள்ளைக்குச் செடி காட்டிறது? தறப்பாளையும் தண்ணிப் பவுசரையுந்தானே காட்டினனாங்கள்.”

இடப்பெயர்வில் நாம் இழந்தவற்றைப் பல படிவங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வீடு, கிணறு, மாடு, உழவு இயந்திரம், காணி உறுதி என எல்லாம் அவற்றில் உண்டு. செடியறிவை எழுத அங்கே இடமிருக்கவில்லை. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும் 2009இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குச் சென்றவர்களும் தமது பிள்ளைகளைச் செடியற்ற நிலத்திலேயே வளர்க்க நேர்ந்தது. பாட்டியின் அறிவு பேரப்பிள்ளையை வந்தடைய ஒரு காடும், அதனூடே ஒன்றாக நடக்கும் வழியும் வேண்டும். அந்த வழி எமக்கு அடைபட்டுப் போயிற்று.

இது மருந்துச் செலவு பற்றிய கவலை மாத்திரமன்று. பெயர் தெரியாத செடி வெறும் பற்றையாகத் தெரிகிறது. பற்றையை எவரும் தயங்காமல் வெட்டுவர், எரிப்பர், விற்பர். காட்டிலுள்ள ஒவ்வொன்றும் இன்னதென்று அறிந்தவரே அதை வெட்ட வருபவரைத் தடுத்து நிற்பர்.

மரமஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். தடிமன், காய்ச்சல் என்றால் கொத்தமல்லியுடன் அதையும் சேர்த்துக் குடிநீர் அவிக்கும் வீடுகள் பல. அது எமது வரண்ட காட்டில் விளைவதன்று. சிங்கராஜ, கன்னெலிய போன்ற தென்மேற்கு மழைக்காடுகளிற் பெருமரங்களைப் பற்றி ஏறும் கொடி. மருந்தாவது அதன் தண்டு. ஆகவே கொடியையே வெட்டுகின்றனர். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வளர்ச்சியோ மிக மெதுவானது. வெட்டும் வேகத்துக்கு முளைக்கும் வேகம் ஈடுகொடுக்காமையால் அது அருகி வருகிறது. கடையிற் சிறு பொட்டலம் வாங்கும் நமக்கும் அந்தத் தூரத்துக் காட்டுக்கும் தொடர்புண்டு.

சிங்கராஜக் காட்டில் 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் தறிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பினால் அத்தசாப்தத்தின் இறுதியில் அது நிறுத்தப்பட்டது. 1988இல் அக்காடு உலக மரபுரிமையாயிற்று. பின்னர் 1990களின் இறுதியில் மூலிகைகளைக் காக்கும் திட்டமொன்று ரிட்டிகல, கன்னெலிய, பிபிலை, நாவுல, ராஜவக்க ஆகிய ஐந்து இடங்களைத் தெரிந்து, சுற்றியுள்ள கிராமத்தாரையும் சேர்த்துக்கொண்டு தொடங்கியது. அவற்றுள் ஒன்றேனும் வடக்கிலோ கிழக்கிலோ இல்லை. அன்று இங்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. விடுபட்ட அந்தப் பாடத்தை இனி நாமே தொடங்கவேண்டும்.

“காணியே இன்னும் கைக்கு வரவில்லை, இதில் மூலிகை எதற்கு?” என்று சிலர் கேட்பர். அந்தக் கேள்வி நியாயமானது. ஆளில்லாத ஊர்கள் காடாகிப்போயின. 2012 ஒக்ரோபரில் மன்னார் மாவட்டத்தின் தெற்கே மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டபோது, 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தமது ஊர்க்காணியும் அதனுள் அகப்பட்டதென முறையிட்டனர். காடு காத்தல் என்றதும் காணி பறித்தல் என்று எம்மவர் அஞ்சுவது இதனாலேயே. ஆனால் அந்த அச்சத்தினாற் காட்டையே பகையாகக் கொண்டால் இழப்பு நமக்குத்தான். எமது குளங்களுக்கு நீர் வருவது காட்டினூடாக. ஊரவரைக் கேளாமல் எல்லைக்கல் நடுவது தவறு என்று நாம் உரத்துச் சொல்லவேண்டும். அந்தக் காட்டின் ஒவ்வொரு செடியையும் பெயர்சொல்லி அழைக்கத் தெரிந்த ஊரவர் அதைச் சொன்னால் அச்சொல்லுக்குக் கனம் அதிகம்.

ஆகையால் மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதம் ஒருமுறை ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஊரில் எஞ்சியிருக்கும் பரியாரியாரையோ மூத்த தாயொருவரையோ முன்னே நடக்கவிட்டுப் பிள்ளைகள் பின்தொடரட்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதியான வழியில் மாத்திரம் செல்லுங்கள். ஒரு நடைக்கு ஐந்து செடி போதும். பெயர், இலை, பூ, மணம், நிற்கும் இடம், அதைப்போன்ற வேறு செடி ஆகியவற்றைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும்.

எடுக்கும் முறையையும் கற்பியுங்கள். ஒதுக்கக் காட்டில் அனுமதியின்றிப் பிடுங்குவது குற்றம். வெளியில் எடுக்கும்போதும் இலை போதுமானால் வேரைத் தொடவேண்டாம். பட்டையைச் சுற்றிவர உரித்தால் மரம் பட்டுவிடும். நன்னாரி போன்றவற்றின் வேரைக் கிண்டினால் கிண்டிய இடத்தில் மீள நடுங்கள். ஆடாதோடை, நொச்சி, சீந்தில் மூன்றும் தடி நட்டாலே வளரும். அவற்றை வேலிக்குக் கொண்டுவந்தாற் காட்டுக்கும் ஆறுதல்.

அறிவின் எல்லையும் பாடத்தின் பகுதியே. கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கை வற்றாளைக் கிழங்கென உண்டு இறந்தோர் இந்நாட்டில் உண்டு. பாம்பு கடித்தால் பச்சிலை தேடி நேரத்தைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் வைத்தியரைக் கேளாமல் எதையும் உட்கொள்ளலாகாது.

அன்றைக்கு அந்த அம்மம்மா கைத்தடியை ஊன்றி எழுந்து, பேத்தியை வேலியடிக்கு அழைத்துச் சென்று ஓர் இலையைக் கசக்கி மணக்கக் கொடுத்தார். அவருக்கு வயது எண்பதுக்கு மேல். இத்தகையோர் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் ஓரிருவரே இருக்கின்றனர். உங்கள் ஊரில் அவர் யார்? அடுத்த மாரிக்கு முன் அவரோடு ஒருமுறை நடந்துவிடுங்கள்.