வாடகை வீட்டில் வெள்ளம் புகுந்தால்...



லயத்தில் பிறந்து வளர்ந்து, சேமநிதிப் பணத்தைப் போட்டுத் தாமானில் ஒரு வீடு வாங்கி, அதை வாடகைக்கு விட்டு மருந்துச் செலவைச் சமாளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2006 டிசம்பரிலும் 2022 ஜனவரியிலும் மலாக்காவில் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஜாசின், அலோர் காஜா பக்கம் எத்தனையோ வீடுகளில் சேறு படிந்தது. "வீட்டுக்குக் காப்புறுதி உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "பேங்கிலேயே எடுத்திருக்காங்களே, சார்" என்பார்கள். சங்கடமே அங்கேதான் இருக்கிறது.

கடன் வாங்கும்போது எடுக்கும் எம்.ஆர்.டி.ஏ. என்பது ஆளுக்கான காப்புறுதி. கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ கடனை அடைக்கும். இடிந்த சுவருக்கு ஒரு காசு தராது. வங்கி கேட்கும் மற்றொன்று தீக் காப்புறுதி. அதன் அடிப்படைப் பத்திரம் தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடும். வெள்ளம் அதில் இல்லை. கூடுதல் கட்டணம் கட்டி வெள்ளத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது 'ஹவுஸ்ஓனர்' எனப்படும் வீட்டுடைமையாளர் பத்திரம் எடுக்க வேண்டும். அதில் வழக்கமாக வெள்ளமும் அடங்கும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகை இழப்புக்கும் ஓரளவு உண்டு. மண்சரிவு மட்டும் தனி. கடன் அடைந்துவிட்டால், பத்திரத்தைப் புதுப்பிப்பது உங்கள் பொறுப்பு.

தொகையைக் குறைத்துப் போட்டுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறவர்களும் உண்டு. சிறு கணக்கு ஒன்று போடுவோம். வீட்டைத் திரும்பக் கட்ட 1,00,000 வெள்ளி ஆகும். நீங்கள் போட்டிருப்பதோ 50,000. சேதம் 20,000 என்றால் கிடைப்பது சுமார் 10,000தான். பாதிக்குக் காப்புறுதி எடுத்தவருக்குப் பாதிச் சேதம் என்பது அவர்கள் கணக்கு. நிலத்தின் விலையைச் சேர்க்க வேண்டியதில்லை. கட்டடச் செலவை மட்டும் பாருங்கள்.

சேதம் வந்துவிட்டதா? நம் பெண்களுக்கு உடனே விளக்குமாற்றை எடுத்தால்தான் மனம் ஆறும். சற்றுப் பொறுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுத்துவிட்டுக் கழுவுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். தீயோ திருட்டோ என்றால் போலீஸ் புகார் அவசியம். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை கெட்டுப்போன கதவு, ஜன்னல்களை வீசாதீர்கள். கொத்தனாரிடம் செலவு மதிப்பை எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதை முன்கூட்டியே நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். நெடுநாள் காலியாகக் கிடந்தாலும் சொல்ல வேண்டும். மறைத்தால் பின்னால் அதையே காரணம் காட்டுவார்கள்.

குடியிருப்பவரின் ஐஸ்பெட்டியும் கட்டிலும் பிள்ளைகளின் புத்தகங்களும் உங்கள் பத்திரத்தில் சேராது. அவற்றுக்கு அவர் தனியாக 'ஹவுஸ்ஹோல்டர்' பத்திரம் எடுக்க வேண்டும். முன்பணம் வாங்கும் நாளிலேயே இதை அவரிடம் சொல்வதுதான் நியாயம். வெள்ளத்துக்குப் பிறகு சொன்னால் சண்டைதான்.

நிறுவனம் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையிடம் 6 மாதத்துக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மனு எழுதத் தயக்கமாக இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பேரப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.