ஒரு கையில் மாமனார்

போன வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வாடகைக் கார். கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே டிரைவர் தம்பிக்கு போன். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் மாமனார். மச்சினிக்கு எத்தனை பவுன் என்று பேரம். பின் சீட்டில் நான் என் எல்.ஐ.சி. பாலிசிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்ததற்கு இப்படியும் ஒரு பயன்.

"தம்பி, நிறுத்திட்டுப் பேசுங்களேன்..."

"பழகின ரோடு சார்!"

சட்டம் இல்லையா என்றால், ஜோராக இருக்கிறது. 2019 திருத்தப்படி, கையில் போனோடு ஓட்டினால் அபாயகரமான ஓட்டல். முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஜெயில், அல்லது இரண்டும். ஆனால் 2020-ல், கவனம் சிதறாமல் வழி பார்க்க மட்டும் போனை வைத்துக்கொள்ளலாம் என்று விதியில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.

வழி பார்த்த லட்சணம்? 2024 ஜனவரியில் ஊட்டியிலிருந்து கர்நாடகா திரும்பிய நண்பர்கள், கூகுள் மேப்பை நம்பி கூடலூரில் காரைப் படிக்கட்டில் இறக்கிவிட்டார்கள்! ஊர்க்காரர்களும் போலீசும்தான் மீட்டார்கள். கூடலூரில் படியாவது இருந்தது. கொண்டை ஊசி வளைவில் ஏது படி? நேரே பள்ளம்தான். அதனால் என் ஓட்டு: மலைப்பாதையில் பேச்சும் வேண்டாம், மேப்பும் வேண்டாம். ஏறுவதற்கு முன்பே வழி கேட்டுக்கொள்ளுங்கள் சார், டீக்கடைக்காரர் காசு கேட்கமாட்டார்.

பர்லியாறில் டீக்கு நிறுத்தினார். "இப்பத் தாராளமாப் பேசுங்க தம்பி" என்றேன்.

"டீ குடிக்கறப்ப பேசினா ருசி தெரியாது சார்!"